கலவானையில் இடைத்தேர்தல் நடந்தது, நமக்கு வோட்டு இல்லை

எங்க தோட்டத்து வீட்டு டிவியில பெரும்பாலும் தமிழ்நாட்டுச் செய்திதான் ஓடும். அதனால சித்தப்பா மகனுக்கு ஆர்.கே. நகர் தெரியும், ஈரோடு கிழக்கு தெரியும், திருமங்கலம் தெரியும். எந்தத் தொகுதியில யாரு செத்து யாரு நின்னாங்கன்னு வரிசையாச் சொல்லுவான். ஒருநாள் திடீர்னு கேட்டான்: "அண்ணே, நம்ம நாட்டுல ஏன் இடைத்தேர்தலே வர்றதில்ல? இங்க எம்.பி.மாரு சாகுறதே இல்லையா?"

நான் படிச்சவன் மாதிரி "விகிதாசார முறைடா, அதுல வராது" என்று ஆரம்பித்தேன். மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்பாயி குறுக்கே வந்தார். "ஏன் வரல? கலவானையில வந்துச்சே. ரோட்டுல ஒலிபெருக்கி கட்டுன ஜீப்பு நாள் முழுக்கப் போகும். லயத்துப் பக்கம் மட்டும் ஒருத்தனும் திரும்பல." ஏன் திரும்பல என்று தம்பி கேட்டான். "நமக்குத்தான் வோட்டு இல்லையே."

அப்பாயி அதைக் கோபமாச் சொல்லல. அன்னைக்கு மழை பெஞ்சுச்சுன்னு சொல்ற மாதிரிதான் சொன்னார். அந்த ஒரு வரியாலதான் இந்தக் கட்டுரை. தேர்தல் முறையை மாத்தணும், பழையபடி தொகுதிக்கு ஒரு எம்.பி. வேணும் என்ற பேச்சு மறுபடி மறுபடி வருது. நம்ம பசங்களும் அதுக்குக் கை தட்டுறாங்க. கை தட்டுறதுக்கு முன்னாடி கலவானைக் கதையை ஒருதரம் பாத்துக்கலாம்.

ஒரு தொகுதி, ஒரு அரசாங்கம்

1977 பொதுத்தேர்தலில் ஜே.ஆர். ஜெயவர்த்தனவின் ஐக்கிய தேசியக் கட்சி 168 ஆசனங்களில் 140 எடுத்தது. ஆறில் ஐந்து பங்கு. சமசமாஜக் கட்சிக்கும் கம்யூனிஸ்ட் கட்சிக்கும் ஒன்றுகூட இல்லை. எட்டியாந்தோட்டையில் என்.எம். பெரேரா தோற்றார். இரத்தினபுரி மாவட்டத்தின் கலவானையில், 1970 முதல் உறுப்பினராக இருந்த கம்யூனிஸ்ட் கட்சிக்காரர் சரத் முத்தெட்டுவேகம, ஐ.தே.க.வின் அபேரத்ன பிலப்பிட்டியவிடம் தோற்றார்.

அந்த வெற்றிக்கு எதிராகத் தேர்தல் மனு போடப்பட்டது. முடிவில் பிலப்பிட்டியவின் தெரிவு செல்லாது என்றானது. தொகுதி காலி. சாதாரணமா என்ன நடக்கணும்? மக்களிடம் போகணும், அவ்வளவுதான். ஆனால் அரசாங்கம் தன் ஆளைப் பாராளுமன்றத்திலேயே வைத்துக்கொள்ள வழி தேடியது. கலவானைக்கு மட்டும் இரண்டு உறுப்பினர்கள் இருக்கும்படி அரசியலமைப்பையே திருத்தப் பார்த்தார்கள். அதற்கு சர்வஜன வாக்கெடுப்பு வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் அந்த யோசனை கைவிடப்பட்டது. ஒரு ஆசனத்துக்காக நாட்டின் யாப்பில் கை வைக்கத் துணிந்தவர்கள், நாடு முழுக்க வாக்கெடுப்பு நடத்தத் துணியவில்லை.

காலத்தையும் கவனிங்க. 1980 ஜூலை வேலைநிறுத்தத்தில் பல்லாயிரம் பேர் வேலை இழந்திருந்தார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் குடியியல் உரிமை பறிக்கப்பட்டது. எதிர்க்கட்சி என்று ஒன்று மூச்சு விட முடியாத நேரம். 1981 ஜனவரியில் கலவானை வாக்களித்தது. முத்தெட்டுவேகம வென்றார். அந்தப் பாராளுமன்றத்தில் இடதுசாரிகளுக்கு ஒரே ஒரு ஆசனம் வந்தது. அதுவும் நம்ம மாவட்டத்திலிருந்து.

இடைத்தேர்தலின் அழகு இதுதான். பொதுத்தேர்தலில் ஒரு தொகுதி நூற்று அறுபத்தெட்டில் ஒன்று. இடைத்தேர்தலில் அந்த ஒரு தொகுதியே நாடு. மந்திரிமார் எல்லாம் குண்டும் குழியுமான ரோட்டில் வந்து இறங்க வேண்டும். ஐந்து வருசம் கழித்துக் கேட்க வேண்டிய கேள்வியை மக்கள் நடுவிலேயே கேட்டுவிடலாம். அரசாங்கம் மாறாது, ஆனால் அதன் முகம் வெளிறும். இதை நான் சும்மா புகழவில்லை, எனக்கும் இந்த முறை மேல் ஆசை உண்டு.

தலை எண்ணிக்கை வேறு, வோட்டு எண்ணிக்கை வேறு

ஆனால் அந்த ஜீப் லயத்துப் பக்கம் ஏன் திரும்பவில்லை?

1947 தேர்தலில் மலையகத்திலிருந்து இந்திய வம்சாவளியினர் 7 பேர் பாராளுமன்றம் போனார்கள். அவர்களில் ஒருவர்கூட சப்ரகமுவவிலிருந்து இல்லை. நுவரெலியா, பதுளைப் பக்கம் போல நாம் இங்கே திரளாக இல்லை. இங்கே தேயிலைத் தோட்டமும் இறப்பர் தோட்டமும் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே துண்டு துண்டாகக் கிடக்கின்றன. ஒரு லயத்துக்கும் அடுத்த லயத்துக்கும் நடுவில் இரண்டு கிராமம், ஒரு வயல், ஒரு மாணிக்கக் குழி. ஆளை அனுப்ப முடியாவிட்டாலும், அன்று நம் ஆட்களின் வோட்டுக்கு ஒரு கனம் இருந்தது. பல தொகுதிகளில் இடதுசாரிகளுக்கு அது கை கொடுத்தது.

அந்தக் கனம்தான் பயத்தைக் கொடுத்தது. 1948-ன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் குடியுரிமையை எடுத்தது. 1949-ன் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் வோட்டை எடுத்தது. இது நம்மில் பலருக்குத் தெரிந்த கதை. தெரியாத பாதி ஒன்று இருக்கிறது. சோல்பரி யாப்பில் ஒரு மாகாணத்துக்கு எத்தனை ஆசனம் என்பதை 75,000 ஆட்களுக்கு ஒன்று, 1,000 சதுர மைலுக்கு ஒன்று என்று கணக்குப் போட்டார்கள். ஆட்கள் என்றால் ஆட்கள்தான், வாக்காளர் இல்லை. ஆக, வோட்டைப் பறித்த பிறகும் ஆசனம் பங்கு போடும்போது நம் தலையை எண்ணினார்கள். நாம் இருந்ததால் மாகாணத்துக்கு ஆசனம் கூடியது. அந்த ஆசனத்தை நிரப்புவது மற்றவர்கள். பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டுவிட்டு, சம்பள நாளில் "உன் பேர் செக்ரோலில் இல்லை" என்று சொல்வது போல.

1964-ல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974-ல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். எங்க தாத்தா "இந்தியாவுக்கு எழுதினவர்". ஆனால் போகவில்லை. பாஸ்போட் பெட்டியில் கிடந்தது, கொழுந்து கூடையில் கிடந்தது, குடும்பம் இங்கேயே கிடந்தது. 1981 ஜனவரியில் கலவானையில் நாட்டின் தலைவிதி பேசப்பட்டபோது அப்பாயிக்கு முப்பது தாண்டியிருக்கும். இரண்டு பிள்ளைகள். வோட்டு இல்லை. குடியுரிமை கிடைத்த சில குடும்பங்களைத் தவிர அந்த லயங்களில் அநேகம் பேருடைய கதை இதுதான்.

வோட்டு இல்லாததற்கு என்ன விலை? அதே 1981, ஆகஸ்ட் மாதம். இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பக்கத் தோட்டங்கள் தாக்கப்பட்டன. லயங்கள் எரிந்தன. 1977-ல் ஒருமுறை ஓடியவர்கள் மறுபடி ஓடினார்கள். பலர் வவுனியாப் பக்கம் போய்க் காட்டை வெட்டிக் குடியேறினார்கள், பலர் கப்பல் ஏறினார்கள். தொகுதி முறை உச்சத்தில் இருந்த அதே மாவட்டத்தில், ஜனநாயகம் ஜெயித்ததாகப் பாராட்டப்பட்ட அதே வருசத்தில் நடந்தது இது. முத்தெட்டுவேகமவின் மேல் பழி போட இதைச் சொல்லவில்லை. அவர் ஒற்றை ஆளாக அந்தப் பாராளுமன்றத்தில் எதிர்த்துப் பேசிய மனிதர். 1986-ல் வீதி விபத்தில் இறந்தார். நான் சொல்வது வேறு. ஒரு எம்.பி. நல்லவராக இருப்பது ஒரு அதிர்ஷ்டம். அவர் நம்ம லயத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்பதுதான் உரிமை.

இடைத்தேர்தல் எப்படிக் காணாமல் போனது?

1982 டிசம்பர் 22-ல் ஜே.ஆர். பொதுத்தேர்தலுக்குப் பதிலாக சர்வஜன வாக்கெடுப்பு நடத்தி, பாராளுமன்றத்தின் ஆயுளை இன்னும் ஆறு வருசம் நீட்டினார். அதில் தோற்ற இடங்களில் சில எம்.பி.மாரை விலக வைத்து, 1983 மே 18-ல் 18 தொகுதிகளில் இடைத்தேர்தல் நடத்தினார். ஐ.தே.க. 14 இடங்களில் வென்றது. ஆக, இடைத்தேர்தல் எப்போதும் மக்கள் கையில் இருக்கும் ஆயுதம் இல்லை. பொதுத்தேர்தலை விழுங்கியவர்கள் அதற்குப் பதிலாக இதைத் தூக்கிக் காட்டவும் முடியும். தமிழ்நாட்டுக்காரர்களுக்கும் இது தெரியும். 2009-ல் திருமங்கலத்தில் காசு எப்படி வீடு வீடாகப் போனது என்பதற்கு ஒரு பெயரே வைத்துவிட்டார்கள். ஆர்.கே. நகரில் பணப் பட்டுவாடா காரணமாக 2017 ஏப்ரல் தேர்தலையே நிறுத்தி, டிசம்பரில் நடத்தினார்கள்.

1989 பெப்ரவரியில் விகிதாசார முறையில் முதல் பொதுத்தேர்தல் நடந்தது. அதோடு தொகுதி எம்.பி. என்ற ஆள் போனார், மாவட்டப் பட்டியல் வந்தது. இப்போது ஒரு எம்.பி. இறந்தாலோ பதவி இழந்தாலோ அதே பட்டியலில் விருப்பு வாக்கில் அடுத்து இருப்பவர் உள்ளே போவார். 2021-ல் ரஞ்சன் ராமநாயக்க ஆசனம் இழந்தபோது அஜித் மான்னப்பெரும வந்தார். 2022 மே 9-ல் அமரகீர்த்தி அத்துகோரள கொல்லப்பட்ட பிறகு பொலன்னறுவைப் பட்டியலில் அடுத்தவர் வந்தார். நாடே கொந்தளித்துக்கொண்டிருந்த நேரம் அது. எந்த ஊரிலும் மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை. 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தலையும் காசில்லை என்று நிறுத்தினார்கள். அது மக்களின் அடிப்படை உரிமையை மீறியது என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் நடந்தது 2025 மே 6-ல்தான்.

இப்படிப் பார்த்தால் தம்பி கேட்டது நியாயமான கேள்வி. நடுவில் கேட்கும் வாய்ப்பே இல்லாத முறை இது. உங்கள் எம்.பி. யார் என்று பத்து பேரைக் கேளுங்க, பத்து பெயர் வரும், இல்லாட்டி ஒண்ணுமே வராது. மாவட்டம் முழுக்க போஸ்டர் ஒட்டக் காசுள்ளவன்தான் விருப்பு வாக்கு எடுக்கிறான். ஒரே கட்சிக்காரர்கள் ஒருவர் போஸ்டரை ஒருவர் கிழிக்கிறார்கள். இதெல்லாம் உண்மை. மறைக்க ஒன்றுமில்லை.

ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்க

இரத்தினபுரி மாவட்டத்தில் எட்டுத் தேர்தல் தொகுதிகள். எஹெலியகொடை, இரத்தினபுரி, பெல்மதுளை, பலாங்கொடை, இறக்குவானை, நிவித்திகலை, கலவானை, கொலன்ன. இந்த மாவட்டத்தில் தமிழர்கள் ஏறக்குறைய பத்துக்கு ஒருவர். இந்த எட்டில் எந்த ஒன்றிலாவது நாம் பெரும்பான்மையா? இல்லை. பலாங்கொடையிலும் இல்லை, இறக்குவானையிலும் இல்லை. தொகுதிக்கு ஒருவர் என்று வைத்தால் நம் பங்கு பூச்சியம். இன்றைக்கு மட்டுமில்லை, அடுத்த ஐம்பது வருசத்துக்கும் பூச்சியம்.

மாவட்டம் முழுவதையும் ஒன்றாக எடுங்க. ஆசனம் 11. முதலாவதாக வரும் கட்சிக்குப் போனசாக ஒன்று போக மிச்சம் 10. பத்துக்கு ஒருவர், பத்தில் ஒரு ஆசனம். எட்டுத் தோட்டத்தில் எட்டுத் துண்டாகக் கிடக்கும் வோட்டை ஒரே கூடையில் கொட்டி நிறுக்கும் முறை இது ஒன்றுதான். 1978 யாப்பில் எட்டில் ஒரு பங்கு வாக்கு எடுக்காத கட்சிக்கு இடமே இல்லை என்று வைத்திருந்தார்கள். 1988-ல் 15ஆவது திருத்தம் அதை இருபதில் ஒன்றாக, அதாவது 5 வீதமாகக் குறைத்தது. சிறிய சமூகங்களுக்கு அந்தத் திருத்தம் கதவு மாதிரி.

இது வெறும் தாள் கணக்கு இல்லை. 2012 சப்ரகமுவ மாகாண சபைத் தேர்தலில், ஆளும் கட்சிப் பட்டியலிலும் போகாமல், எதிர்க்கட்சிப் பட்டியலிலும் போகாமல், இலங்கைத் தொழிலாளர் காங்கிரசின் பட்டியல் 2 ஆசனங்களை எடுத்தது. 44 பேர் சபையில் இரண்டு பேர். கம்மிதான். ஆனால் தொகுதி முறையில் அந்த இரண்டும் கிடைத்திருக்காது. 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தியின் பட்டியலில் இரத்தினபுரியிலிருந்து சுந்தரலிங்கம் பிரதீப் பாராளுமன்றம் போனார், பிரதி அமைச்சரும் ஆனார். அது அலையில் வந்த வெற்றி என்று சிலர் சொல்கிறார்கள். இருக்கட்டும். எட்டுத் தொகுதி முறையில் அந்த அலை ஒரு தமிழ் வேட்பாளரை எந்தத் தொகுதியில் நிறுத்தியிருக்கும் என்று அவர்களே சொல்லட்டும். கட்சிக்காரர்களும் கணக்குத் தெரிந்தவர்கள்தான், தோற்கும் இடத்தில்கூட நம்மை நிறுத்த யோசிப்பார்கள்.

அலை வடியும்போது என்ன ஆகும் என்பதும் பார்க்க வேண்டியது. அது நம் வேலை, முறையின் வேலை இல்லை.

அப்போ என்ன கேட்கணும்?

மாகாண சபைக்கு 2017-ல் கலப்பு முறை கொண்டுவந்தார்கள். பாதி தொகுதி, பாதி பட்டியல். எல்லை பிரித்த அறிக்கையை 2018 ஆகஸ்டில் பாராளுமன்றமே தோற்கடித்தது. சப்ரகமுவ சபையின் காலம் 2017 செப்டம்பரோடு முடிந்தது. இதை எழுதும்வரை புதுச் சபை இல்லை. அந்த இரண்டு ஆசனமும் அதோடு போச்சு. அதைக் கேட்க நம்மில் யாரும் ரோட்டுக்கு வரவில்லை.

புதிய யாப்பு, புதிய தேர்தல் முறை என்ற பேச்சு மறுபடி சூடாகும்போது "தொகுதியா, விகிதாசாரமா" என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடாமல், சிதறி வாழ்கிறவர்கள் என்ற இடத்திலிருந்து நாம் மூன்று விசயம் கேட்கலாம் என்று நினைக்கிறேன்.

ஒன்று, தொகுதி எம்.பி. வரட்டும், ஆனால் ஒரு கட்சியின் மொத்த ஆசனத்தை மாவட்ட வாக்கு வீதமே தீர்மானிக்கட்டும். தொகுதியில் வென்றது போக மிச்சம் பட்டியலில் வரும். அந்த 5 வீதத்தைக் கூட்ட விடக்கூடாது.

இரண்டு, பல உறுப்பினர் தொகுதி. இது வெளிநாட்டுச் சரக்கு இல்லை. 1947-ல் நம்ம பலாங்கொடையே இரண்டு உறுப்பினர் தொகுதிதான். ஒரு தொகுதிக்குள் இருக்கும் சிறிய கூட்டமும் ஒருவரை அனுப்பட்டும் என்று வைத்த வழி அது. 1977-ல் நுவரெலியா–மஸ்கெலியாவின் மூன்று ஆசனத்தில் ஒன்றில்தான் தொண்டமான் போனார். 1980-ல் கலவானைக்கு இரண்டு உறுப்பினர் கேட்டவர்கள் ஒரு ஆளைக் காப்பாற்றக் கேட்டார்கள். ஒரு சமூகத்துக்காக யாரும் கேட்கவில்லை. நாம் கேட்கலாம். சப்ரகமுவவில் இது மட்டும் போதாது, நாம் அவ்வளவு சிதறிக் கிடக்கிறோம். அதனால்தான் முதல் கோரிக்கையை விடக்கூடாது.

மூன்று, இடைத்தேர்தல். தொகுதி எம்.பி. ஒருவர் நடுவில் போனால் அந்தத் தொகுதி மக்களிடம் போகட்டும், கட்சி அலுவலகத்தில் முடிவு செய்யக்கூடாது. பட்டியல் ஆசனம் காலியானால் அடுத்தவர் வரட்டும். இரண்டையும் கலந்து வைக்க முடியாதபடி எந்தச் சட்டமும் இல்லை. அப்போது தம்பிக்கும் அவன் ஆசைப்பட்ட இடைத்தேர்தல் கிடைக்கும், லயத்துக்கும் ஒரு வோட்டுக் கனம் இருக்கும்.

எதிர்க் கேள்வி ஒன்று வரும்: "இனத்தைப் பார்த்து ஏன் எண்ணுறீங்க? நல்ல சிங்கள எம்.பி. ஒருத்தர் உங்களுக்கு வேலை செய்ய மாட்டாரா?" செய்வார். செய்திருக்கிறார்கள். ஆனால் சம்பளச் சபைக் கணக்கும், லயக் காணி உறுதியும், தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு உயர்தர விஞ்ஞானப் பிரிவும் ஒரு சிங்கள எம்.பி.யின் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்காத வரைக்கும், அவை அவருடைய மேசையில் அடியில்தான் கிடக்கும். கலவானை ஜீப் கெட்ட மனசால் திரும்பாமல் போகவில்லை. திரும்புவதற்கு அவசியம் இல்லாததால் போனது.

இந்தியாவுக்கு எழுதிவிட்டுப் போகாமல் இங்கேயே தங்கியவர்களுக்கு 2003-ன் 35ஆம் இலக்கச் சட்டத்தில்தான் பிரஜாவுரிமை வந்தது. அப்பாயி முதன்முதலாக வோட்டுப் போட்டது 2004 ஏப்ரலில், ஐம்பது வயசு கடந்த பிறகு. யாருக்குப் போட்டார் என்று இன்றுவரை சொல்லவில்லை. ஆனால் அந்த முறை வேட்பாளர் ஒருவர் லயத்துக்கே வந்து, திண்ணையில் உட்கார்ந்து, சாயத் தண்ணி குடிச்சிட்டுப் போனதை மட்டும் இன்னும் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

தேர்தல் முறை பற்றி மக்கள் கருத்துக் கேட்கும் குழு எதுவும் அடுத்த தடவை இரத்தினபுரிக்கோ கேகாலைக்கோ வந்தால், தோட்டத்துக்கு ஒரு கடிதமாவது போகணும். பெரிய அறிக்கை வேண்டாம். உங்க தேர்தல் தொகுதியின் பெயரை எழுதுங்க, அதில் தமிழர் எத்தனை பேர் என்று எழுதுங்க, "இந்த முறையில் எங்களுக்கு எங்கே இடம்?" என்று கேளுங்க. பதில் இல்லாத முறைக்கு நாம் கை தட்ட வேண்டியதில்லை.